மைன்கிராஃப்ட்டில் செத்துப்போன நாய்க்காக மகள் அழுகிறாள், பேக்கப்பில் இருந்து திரும்பக் கொண்டுவரலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒன்பது வயது மகள் டேப்லெட்டில் மைன்கிராஃப்ட் விளையாடுகிறாள். அதில் பல மாதமாகக் கூடவே வைத்திருந்த 'மணி' என்ற நாய், சுரங்கத்துக்குள் ஓர் எலும்புக்கூட்டைத் துரத்திக்கொண்டு போய் லாவாவில் விழுந்து செத்துவிட்டது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் அதைக் கூட்டிட்டுப் போனேன்" என்று அழுகிறாள். பாட்டி, "இல்லாத நாய்க்கு யாராவது அழுவாங்களா?" என்கிறார். பெரியம்மா பையன், "பழைய பேக்கப் என்கிட்ட இருக்கு, போட்டுடறேன், அவளுக்குத் தெரியவே தெரியாது" என்கிறான். இது இயல்புதானா, பேக்கப் போடலாமா, பேசாமல் நிஜ நாய் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இந்த அழுகையை உண்மையான அழுகையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, இல்லை விளையாட்டோடு போய்விடும் என்று விட்டுவிடலாமா? எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் பதில். பேக்கப் விஷயத்தில் நான் சொல்லப்போவதும் அதிலிருந்துதான் வருகிறது.

நான் பல வருஷமாகக் கேம்களில் வரும் விலங்குகளின் நடத்தையை எழுதும் புரோகிராமர். குழந்தைகள் மனநல மருத்துவர் இல்லை. அதனால் மணி எப்படி இயங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் மகளின் மனசைப் பற்றிப் பேசும்போது படித்ததையும் வேலையில் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். அங்கே உங்கள் கணிப்பு என் கணிப்பை விட மேல்.

உறுதியானதில் இருந்து தொடங்குகிறேன். மைன்கிராஃப்ட்டில் ஓநாய்கள் வந்தது 2011 மார்ச் கடைசியில், பீட்டா 1.4 பதிப்பில். காட்டில் திரியும் ஓநாய்க்கு எலும்பைக் கொடுத்தால் பழகும். ஆனால் ஒவ்வோர் எலும்புக்கும் மூன்றில் ஒரு வாய்ப்புதான். முதல் எலும்பிலேயே பழகிவிடலாம், ஏழெட்டு கொடுத்தும் பழகாமல் நிற்கலாம். பழகியதும் கழுத்தில் சிவப்புப் பட்டை வரும். அதன்பின் அந்த நாயைப் பற்றி ஃபைலில் எழுதி வைப்பது கொஞ்சம்தான்: உரிமையாளர் யார், உயிர் எவ்வளவு மிச்சம், உட்கார்ந்திருக்கிறதா நிற்கிறதா, பட்டையின் நிறம், பெயர்ச்சீட்டு போட்டிருந்தால் பெயர், இருக்கும் இடம், குட்டியா பெரிசா என்று இப்படி. பாசத்துக்கு என்று ஓர் இடமே அதில் கிடையாது. மற்ற கேம்களில் அது உண்டு. போக்கிமானில் நட்பு என்பது 0 முதல் 255 வரை ஓர் எண். ஸ்டார்டியூ வேலியில் வீட்டு நாயையோ பூனையையோ தினம் ஒருமுறை தடவிக்கொடுத்தால் 12 புள்ளி, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பினால் 6 புள்ளி, மொத்தம் 1000 வரை ஏறும். மைன்கிராஃப்ட் நாய்க்கு அந்த எண்கூட இல்லை. நேற்று பழகிய நாயும் ஒரு வருஷமாகக் கூட இருக்கும் நாயும் உரிமையாளரிடம் நடந்துகொள்வதில் எந்த வித்தியாசமும் கிடையாது. மணிக்கு உங்கள் மகளைத் தெரிந்திருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவளே நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

அப்படியானால் இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது? அவளிடமிருந்துதான். அதை வெளியே இழுக்கிற மாதிரி அந்த நாயை நன்றாகச் செய்திருக்கிறார்கள். கையில் எலும்போ இறைச்சியோ எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றால், நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உங்களையே பார்க்கும். எழுதுகிறவனுக்கு அது சின்ன வேலை: விளையாடுகிறவர் எட்டுக் கட்டைத் தூரத்துக்குள் இருக்கிறாரா, கையில் இருப்பது தீனியா என்று பார்த்துவிட்டுத் தலையைச் சில டிகிரி திருப்புவது. ஆனால் பார்க்கிறவருக்கு அது கெஞ்சல். தண்ணீரில் இருந்து ஏறியதும் உடம்பை உலுப்பி உதறும். உயிர் குறையக் குறைய வால் கீழே தொங்கும். ஓர் இறைச்சித் துண்டைக் கொடுத்தால் வால் மறுபடி நிமிரும். நான் கொடுத்தேன், அது தெம்பானது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. இத்தனைக்கும் அதன் உருவம் பெட்டி பெட்டியாக இருக்கும். பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் இருந்தால் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லாரன்ஸ் 1943-ல் எழுதினார். வளர்ந்த மைன்கிராஃப்ட் நாயிடம் அதெல்லாம் அவ்வளவாக இல்லை. அசைவுதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் இரண்டு முக்கோணம், ஒரு வட்டம் ஆகியவை ஒரு கட்டத்தைச் சுற்றி நகரும் சின்னப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் அநேகமாக எல்லோருமே பெரிய முக்கோணம் முரடன், சின்னது எதிர்த்து நிற்கிறது, வட்டம் பயந்து ஒளிகிறது என்று கதையாகச் சொன்னார்கள். அவர்கள் குழந்தைகள் இல்லை, கல்லூரி மாணவர்கள். தானாக நகர்கிற ஒன்றுக்கு மனசு இருப்பதாக எடுத்துக்கொள்வது மனித மூளையின் வழக்கம். உங்கள் மகள் ஏமாந்துபோய்விட்டாள் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை என் வேலையிலேயே பார்த்தேன். ஒரு மொபைல் கேமுக்குப் பூனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கூப்பிட்ட உடனே ஓடிவரும்படி வைத்திருந்தவரை, விளையாடிப் பார்த்தவர்கள் அதை ஒரு பட்டன் மாதிரியே தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு, கூப்பிட்டால் சில சமயம் காதை மட்டும் திருப்பும், பாதத்தை நக்கி முடித்துவிட்டு எழுந்து வரும், எப்போதாவது வராமலே இருந்துவிடும் என்று மாற்றினோம். அதே ஆட்கள் பூனையிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வாடா, என்ன கோபம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்கிறார்கள். முழுசாக நம் சொல்படி ஆடும் ஒன்றிடம் நமக்குப் பாசம் வருவதில்லை. கொஞ்சம் அதன் இஷ்டத்துக்கு விட வேண்டும். 2016-ல் வந்த தி லாஸ்ட் கார்டியன் என்ற ஜப்பானிய கேமில் ட்ரிக்கோ என்ற பெரிய விலங்கு சொன்னதை உடனே செய்யாது. பலருக்கு அதில் எரிச்சல், ஆனால் அதனாலேயே ட்ரிக்கோவை மறக்க முடியவில்லை என்பவர்கள் அதற்கு மேல். மணியும் அப்படித்தான். எலும்புக்கூட்டைக் கண்டால் சொல்லாமலே பாயும்.

இந்த இடத்தில் உங்கள் மகளுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒரு தகவல் இருக்கிறது. "நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று அவள் தன்னையே குற்றம் சொல்கிறாள் இல்லையா? பழகிய நாய் எலும்புக்கூட்டைத் தாக்குவது யார் ஏவியும் இல்லை. அந்த நாயை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எதை அடித்தாலும், எது உங்களை அடித்தாலும் அது துணைக்கு வரும், கிரீப்பர் என்ற வெடிக்கும் அரக்கன் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கைத் தவிர. எலும்புக்கூட்டைக் கண்டாலோ அதற்கும் காத்திருக்காது. எலும்புக்கூடு எய்யும் அம்பு பட்டால் நாய் பின்னுக்குத் தள்ளப்படும். பக்கத்தில் லாவா இருந்தால் அவ்வளவுதான். அவள் போகச் சொல்லவில்லை, அது தானாகவே பாய்ந்தது. இதை ஆறுதலுக்காகச் சொல்வதாக இல்லாமல், கேம் எப்படி இயங்குகிறது என்பதாகவே சொல்லுங்கள். இந்த வயதுக் குழந்தைகள் அதை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். சுரங்கத்துக்குப் போகும் முன் நாயை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கலாம் என்பது உண்மைதான். அதை அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். இந்த வாரம் நீங்களாக எடுக்க வேண்டாம்.

பாட்டியிடம் சொல்ல ஒரு விஷயம். ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-ல் ஐபோ என்ற ரோபோ நாயை விற்றது. 2014-ல் பழைய ஐபோக்களைப் பழுதுபார்ப்பதை நிறுத்தியது. அதன்பின் உதிரி பாகம் கிடைக்காமல் நின்றுபோன நாய்களுக்கு, சிபா மாகாணம் இசுமியில் உள்ள கோஃபுகுஜி என்ற புத்தக் கோயிலில் குருக்கள் மந்திரம் ஓதி இறுதிச்சடங்கு செய்தார்கள். கொண்டுவந்தவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் அது இயந்திரம் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தார்கள். தெரிவதும் வருந்துவதும் ஒரே மனசில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். உங்கள் மகளிடம் "மணி நிஜ நாயா?" என்று கேட்டுப் பாருங்கள், "இல்லை, கேம்" என்றுதான் சொல்வாள். அதனால் அழுகை நிற்காது.

நாய் செத்தால் போனதுதான் என்று வைத்ததும் ஒரு முடிவு. எல்லா கேமிலும் அப்படி இல்லை. 2005-ல் வந்த நின்டென்டாக்ஸில் நாய்க்குட்டி சாகவே சாகாது, வளரவும் வளராது. ஸ்டார்டியூ வேலியிலும் வளர்ப்பு விலங்கு சாவதில்லை. 1996 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த தமகோச்சி என்ற கையடக்க வளர்ப்புப் பொம்மை எதிர்ப்பக்கம்: கவனிக்காமல் விட்டால் செத்துவிடும், ஜப்பானியப் பதிப்பில் கல்லறைகூட வரும், ஆனால் ஒரு பட்டனில் புது முட்டை கிடைத்துவிடும். மைன்கிராஃப்ட்டில் மற்றது பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். நீங்கள் செத்தால் படுக்கைப் பக்கத்தில் எழுந்துவிடுவீர்கள், இடிந்த வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். நாய் மாதிரி பழக்கிய விலங்கு செத்தால் திரும்பாது. அந்த உலகத்தில் உங்கள் மகள் முதன்முதலாகச் சந்தித்த திரும்பாத விஷயம் மணியாக இருக்கலாம்.

இனி பேக்கப். முதலில் நடைமுறைச் சிக்கல்: பேக்கப் என்பது நாயை மட்டும் திரும்பக் கொண்டுவராது. அந்த நாளில் இருந்த மொத்த உலகத்தையும் கொண்டுவரும். அதற்குப் பிறகு அவள் கட்டியது, தோண்டியது, பெட்டிகளில் சேர்த்தது எதுவும் அதில் இருக்காது. "அவளுக்குத் தெரியாது" என்று அண்ணன் நினைப்பது நடக்காது. கேமைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவாள். இப்போதைய உலகத்தை அழிக்காமல் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்க முடியும், அதனால் எதைச் செய்தாலும் முதலில் இப்போதைய உலகத்துக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். உலகங்களின் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் பென்சில் குறியைத் தொட்டு உள்ளே போனால் நகல் எடுக்கும் வசதி இருக்கும். இன்னொரு வழி, புது ஓநாயைப் பழக்கி அதே நிறப் பட்டை போட்டு 'மணி' என்று பெயர்ச்சீட்டு மாட்டி வீட்டு வாசலில் உட்கார வைப்பது. பார்க்க அப்படியே இருக்கும், ஃபைலைத் திறந்தால்தான் வேறு நாய் என்று தெரியும்.

இந்த இரண்டாவது வழியைத்தான் ரகசியமாகச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றில் இருந்து ஆறு வயதுக் குழந்தைகளிடம், எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகல் எடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். வெறும் பொம்மையாக இருந்தால் குழந்தைகள் நகலையும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் சொந்தப் பொம்மை என்றால், சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை; வைக்க விட்டவர்களிலும் பெரும்பாலோர் அசலைத்தான் கேட்டார்கள். அச்சு அசலாக இருப்பது போதாது, அதுவாகவே இருக்க வேண்டும் என்பது அந்த வயதிலேயே உண்டு. கேம் நாய்க்கும் இது அப்படியே பொருந்துமா என்பது இதிலிருந்து நேராகக் கிடைக்காது. அந்த ஆய்வு கையில் பிடிக்கும் பொம்மை பற்றியது, உங்கள் மகள் வயதிலும் பெரியவள். ஆனால் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்: சேமித்த ஃபைல் கெட்டுப்போய் அதே மாதிரி விலங்கு ஒன்றைச் செய்து கொடுத்தபோது, சிலர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள், சிலர் "இது என்னோடது இல்லை" என்று எழுதினார்கள். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களால் முடிந்ததே இல்லை. அதனால் அவளிடமே கேளுங்கள். "அண்ணன்கிட்ட பழைய உலகம் இருக்கு. அதுல மணி இருக்கும், ஆனா அப்புறம் நீ கட்டினது இருக்காது. உனக்கு எப்படி வேணும்?" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டால் போதும். திரும்ப வேண்டும் என்றால் போட்டுக் கொடுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றாலும் சரி. வேண்டாம், லாவா பக்கத்தில் கல் ஒன்று வைக்கப் போகிறேன் என்று சொன்னாலும் சொல்வாள். மைன்கிராஃப்ட் விளையாடுகிற பல குழந்தைகள் தாங்களாகவே பலகையில் பெயர் எழுதிப் பூச்செடி வைக்கிறார்கள்.

நிஜ நாய் வாங்கிக் கொடுப்பதை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். மணிக்குப் பதிலாக வரும் நாய் என்பது அந்த நாய்க்கே நியாயம் இல்லை. மணிக்கு அடிபட்டால் ஒரு துண்டு இறைச்சி, அதுவும் கேமைத் திறந்தால்தான். நிஜ நாய்க்கு விடியற்காலை நடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள், பத்துப் பன்னிரண்டு வருஷம். கேமில் விலங்கு வளர்த்த குழந்தைக்கு நிஜ விலங்கிடம் பொறுப்பு கூடுமா என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்பார்கள். கூடும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அப்படிச் சொல்லும் அளவுக்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. நான் நம்பிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வால் தொங்குவதைக் கவனித்து, ஏன் என்று யோசித்து, தன் சாப்பாட்டில் இருந்து கொடுத்த குழந்தை அவள். அந்தக் கவனம் அவளிடம் ஏற்கனவே இருக்கிறது. நாய் வளர்க்க வீட்டில் எல்லோருக்கும் மனசும் நேரமும் இருந்தால், அழுகை ஓய்ந்த பிறகு தனியாகப் பேசுங்கள்.

இரண்டு நாள் சாப்பாடு குறைவது, பேச்செல்லாம் நாயைப் பற்றியே இருப்பது எனக்கு வழக்கத்துக்கு மாறாகத் தோன்றவில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், மற்ற விளையாட்டுகளில் ஆசையே போய்விட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சில சமயம் நாய் ஒரு சாக்குதான், உள்ளே வேறு ஏதாவது இருக்கும். சமீபத்தில் வீட்டில் யாராவது தவறியிருந்தால், நெருங்கிய தோழி ஊர் மாறியிருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது என் துறைக்காரனாகச் சொல்வது. ஆறுதலுக்கு வேறு வளர்ப்பு விலங்கு கேம் ஏதாவது இறக்கிக் கொடுக்கத் தோன்றினால், முதலில் நீங்களே அதை இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். கேமை மூடிய பிறகும் விலங்குக்குப் பசி ஏறுகிறதா, "உன்னைக் காணோமே, அழறேன்" என்று ராத்திரி அறிவிப்பு வருகிறதா, நோய் வந்தால் மருந்துக்குக் காசு கேட்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் பாசத்தைக் கயிறாக்கி இழுப்பது அது. மைன்கிராஃப்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. மூடினால் நாயின் நேரமும் அங்கேயே நின்றுவிடும். இந்த விஷயத்தில் நல்ல இடத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

அவளாக இன்னொரு நாய் வேண்டும் என்று எலும்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சில விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. 2024-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு காட்டுக்குக் காடு வேறு வேறு நிற ஓநாய்கள் இருக்கின்றன, மணியைப் போலவே இல்லாத ஒன்றை அவள் தேர்ந்தெடுக்கலாம். அதே அப்டேட்டில் பழகிய நாயின் உயிரும் இரட்டிப்பாகிவிட்டது. ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய சின்ன விலங்கைப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஓட்டுச்செதில் கிடைக்கும். ஆறு செதிலில் நாய்க்குக் கவசம் செய்யலாம், அடி பட்டால் பெரும்பாலும் கவசம் வாங்கிக்கொள்ளும், விரிசல் தெரிந்தால் செதில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அழுகிய சதையைக் கொடுத்தாலும் நாய்க்கு ஒன்றும் ஆகாது, அதனால் தீனிக்குப் பஞ்சம் வராது. நிற்கும் நாய் நாம் தூரம் போய்விட்டால் சட்டென்று பக்கத்தில் வந்து தோன்றும், லாவா இருக்கும் குகை என்றாலும் வரும். உட்கார வைத்த நாய் அப்படி வராது. ஆகவே சுரங்கத்துக்குப் போகும் முன் கதவு சாத்திய அறைக்குள் உட்கார வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், ஏனென்றால் வெளியே அடிபட்டால் உட்கார்ந்த நாயும் எழுந்துவிடக்கூடும். புது நாய்க்கு என்ன பெயர் என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காதீர்கள், அதை அவள் வைக்கட்டும்.